வீட்டுக்கு அனுப்பாத மதர்

மதர்,

இன்று காலை உங்கள் அலமாரியைக் காலி செய்தேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலைகளின் வாசனை அறை முழுக்க ஏறிவிட்டது. நாளை உங்கள் நினைவுப் பூசை. இந்த மடத்துக்கு இப்போது நான் தலைவி என்பதால் உங்களைப் பற்றி நான்தான் பேச வேண்டுமாம். அங்கே நல்லதைத்தான் சொல்வேன். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

நல்லது நிறையவே இருக்கிறது. நம் சபையின் முதல் சகோதரிகள் கடல் கடந்து, மலைக்காய்ச்சல் காலத்தில் மாட்டுவண்டியில் கம்பத்துக்கு வந்தார்கள். மருந்தகம் திறந்தார்கள், பிறகு பெண்களுக்குப் பள்ளி. இன்று இந்தப் பக்கம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நம்மிடம் படித்த ஒருத்தி ஊசியோடு நிற்பாள். கூடவே அவர்கள் ஒரு கதையையும் கொண்டுவந்தார்கள். சபையை நிறுவிய அன்னை கப்பலேறியபோது, கரையில் அழுதுகொண்டு நின்ற தாயைத் திரும்பிப் பார்க்கவில்லையாம். புதிதாகச் சேர்ந்த எங்களை மதியச் சாப்பாட்டின்போது அதை வாசிக்கச் சொல்வீர்கள். ரசம் ஆறும்வரை வாசிப்போம்.

என் அம்மா சாகக் கிடந்தபோது சுருளிப்பட்டியிலிருந்து அண்ணன் வந்தார்.

"மதர், ஆத்தா தங்கச்சியவே கேக்குறாக. ஒரு எட்டு வந்து மூஞ்சியக் காட்டுனாப் போதும். நானே திரும்பக் கொண்டாந்து விட்டுர்றேன்."

"அவ இப்ப எங்க பிள்ள. இங்கன இருந்தே ஆத்தாவுக்காகச் செபிப்பா. நீ காப்பியக் குடி தம்பி."

குரலைக்கூட நீங்கள் உயர்த்தவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற என்னை நாலாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கப் போகச் சொன்னீர்கள். போனேன். மறுநாள் அம்மா போய்விட்டார். அடக்கத்துக்கும் நீங்கள் விடவில்லை.

அன்றிலிருந்து உங்களை வெறுத்தேன். வயதாகி நீங்கள் படுக்கையில் விழுந்தபோது எனக்கு மனசு குளிர்ந்தது. மயிலாடும்பாறையிலிருந்து உங்கள் தம்பி தடி ஊன்றிக்கொண்டு வந்தார். வீட்டாரைப் பார்க்கக் கூடாது என்ற பழைய விதியைச் சபையே அதற்குள் எடுத்துவிட்டிருந்தது. ஓடி வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் அழுவதைப் பார்க்க வேண்டும் எனக்கு.

"செபிக்கிறேன்னு சொல்லு. சாப்பிட வச்சு அனுப்பு," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

அவர் சாப்பிடவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். நீங்கள் ஒரு வேஷக்காரியாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். ஆனால் நிஜமாகவே நம்பினீர்கள். என் அம்மாவை அப்படிச் சாகவிட்டதும் புண்ணியம் என்றே நம்பினீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குள் உங்கள் பொறுப்பு என் கைக்கு வந்திருந்தது. அதன் பிறகு, வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்று எந்தச் சகோதரி வந்து நின்றாலும், அவள் கேட்டு முடிக்குமுன் "கிளம்பு" என்றேன். "மதர்கிட்ட சொல்லிட்டுப் போ" என்று உங்கள் கட்டிலுக்கும் அனுப்பினேன். பையும் கையுமாக ஒவ்வொருத்தியும் வந்து நிற்கும்போது நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள்.

என்னை இளகிய மனசுக்காரி என்கிறார்கள். இரக்கப்பட்டு அனுப்பவில்லை மதர், உங்கள் மேலுள்ள கோபத்தில் அனுப்புகிறேன். பார்க்க நீங்கள் இல்லாவிட்டாலும் அது தணியவில்லை. நேற்றும் ஒருத்தியை அனுப்பினேன். அவளுடைய அம்மாவுக்கு வெறும் காய்ச்சல்தான்.