இடப்பக்கம் சாயும் பூக்கொடி

என் அன்பு பிலோமிக்கு,

முதலில் மன்னித்துக்கொள். கடிதம் என்றாலே உனக்கு அலுப்பு. விடுமுறையில் உடன்குடியிலிருந்து நான் எழுதினால், திரும்பி வந்ததும், "இம்புட்டு எழுதுத நேரத்துல ரெண்டு பூ தச்சிருக்கலாம்லா" என்பாய். இப்போது பதில் வராது என்று தெரிந்தே எழுதுகிறேன். அதுவும் நாம் படித்த கல்லூரியின் மலரில், நாலு பேர் படிக்கும்படியாக. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் வாய் திறக்கவே கூசியவளுக்கு இந்தத் துணிச்சல் எப்படி வந்தது என்று நீ கேட்கலாம். நேரில் சொல்ல ஆளில்லாமல் போனதால் வந்தது.

உன் தங்கை ரெஜினாவுக்குக் கல்யாணம், பிலோமி. தபசு காலம் முடிந்து ஈஸ்டர் வந்ததும் கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளைக்குப் புதுத் துறைமுகத்தில் வேலை. உன் கல்யாணத்துக்கென்று நீ பூ தைத்துக்கொண்டிருந்தாயே, அந்த நெட் முக்காட்டைத்தான் தலையில் போடுவேன் என்று அவள் ஒரே பிடிவாதமாக இருக்கிறாள். மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனபோது அந்தப் பூக்கொடி பாதியில் நின்றது. உங்கம்மா அதை வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்து என் மடியில் எடுத்து வைத்தார்கள்.

"ஏளா கனி, நீதான் முடிச்சுக் குடுக்கணும். ரெண்டு கைன்னு ஒருத்தருக்கும் தெரியப்பிடாது. எம்மவளே முழுசும் தச்ச மாதிரி இருக்கணும், என்னா?"

வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த உங்கப்பா, முன்பு உன்னிடம் சொல்கிற அதே கேலியைச் சொன்னார். "தலையில போடுததுக்கு இம்மாம் பெரிய வலையா? இதுல மாப்பிள்ள என்ன, சுறாவே மாட்டும்." நீ இருந்தால் ஏதாவது எறிந்திருப்பாய். யாரும் சிரிக்கவில்லை. அவரும் குனிந்து தன் வலையைப் பார்த்துக்கொண்டார்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். அவர்களிடம் வேறு என்ன சொல்ல முடியும்?

உன் இடது கையை நான் எப்படிக் கொண்டு வருவேன்? உன் காம்புத் தையல் முறுக்கு இடப்பக்கம் சாயும், என்னுடையது வலப்பக்கம். நூலை ஊசிக்கு மேலே பிடித்துத் தைத்துப் பார்த்தேன். சாய்வு உன்னுடையது போலவே வந்தது. இழுப்பு வரவில்லை. நீ தளர விட்டுத் தைப்பவள்; நான் பயந்து பயந்து இறுக்குகிறவள். நூல் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. தைத்துத் தைத்துப் பிரித்ததில் நெட்டின் கண்கள் அகன்று போயின. இன்னும் ஒருமுறை பிரித்தால் கிழியும். கல்யாண நாள் நெருங்குகிறது. கப்பல் ஏஜென்சி ஆபீசில் டைப் அடிக்கும்போதும் அதே நினைப்புதான்.

அப்படி இருக்கையில்தான் பீச் ரோட்டு மண்டபத்தில் புதுப் பாணி உடைகளுக்கு ஒரு கண்காட்சி வைத்தார்கள். மெட்ராசிலிருந்து ஒரு துணிக் கம்பெனி கொண்டுவந்தது. ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். நீயும் நானும் தையல் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கை இடிக்காமல் இருக்க நீ எப்போதும் என் இடப்பக்கம் இருப்பாய். அந்தக் கூட்டத்திலும் இடப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டே நடந்திருக்கிறேன். இடையில் ஒரு குடும்பமே நுழைந்து போனபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பெல்பாட்டம், மிடி, தரையைப் பெருக்குகிற மாக்சி எல்லாம் பொம்மைகளுக்கு உடுத்தி நிறுத்தியிருந்தார்கள். ஒரு பொம்மைக்கும் தலையில்லை. எனக்கு முன்னால் நின்ற இரண்டு அக்காமார் பேசிக்கொண்டார்கள்.

"ஏளா, இவளுக்குத் தலைய எங்க?"

"இந்தச் சட்டையப் போட்டுட்டு வீட்டுக்குப் போனா எப்படியும் எடுத்துருவாவோன்னு, இங்கனயே எடுத்து வச்சுட்டுப் போயிருக்கா."

சிரிப்பை அடக்க முடியாமல் உன் பக்கம் திரும்பினேன். யாரோ ஒரு பெரியவர் என்னைப் பார்த்து விழித்தார்.

கடைசியில் கடல் நீலத்தில் ஒரு மாக்சி. அதன் விளிம்பைச் சுற்றி வெள்ளை நூலில் கொடி ஓடியது. நம் வழக்கம் உனக்குத் தெரியுமே, முன்பக்கத்தை யாரும் பார்க்கலாம், பின்பக்கத்தை நாம் இருவர் மட்டும்தான் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். கை சும்மா இருக்குமா? உட்கார்ந்து விளிம்பைத் திருப்பிவிட்டேன்.

"தொடாதீங்கம்மா!" என்று கம்பெனிப் பையன் ஓடிவந்தான்.

நான் கையை எடுத்துவிட்டேன். ஆனால் பார்த்துவிட்டேன், பிலோமி. பக்கத் தையல்வரை அந்தக் கொடி இடப்பக்கம் சாய்ந்து தளர்வாக வருகிறது. ஓர் இலையில் நிற்கிறது. அடுத்த இலையிலிருந்து வலப்பக்கம் சாய்ந்து இறுக்கமாகப் போகிறது. பின்பக்கம் இரண்டு வித முடிச்சுகள்.

"பிலோமி, இங்கன பாரேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் நின்ற அக்கா, "யாரக் கூப்பிடுதீய?" என்றார்.

"ஒருத்தரயும் இல்லக்கா."

எப்போதும் இல்லாத தைரியத்தில் அந்தப் பையனிடம், "இதை ரெண்டு பேர் தச்சாங்களா?" என்று கேட்டேன்.

அவன் பதறிப்போனான். "கை வேலைங்க. யார் தச்சாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? ஏன், டேமேஜா?"

"இல்ல. நல்லா இருக்கு."

நன்றாகத்தான் இருந்தது. பின்னால் வந்து தைத்தவள் முன்னவளைப் போல நடிக்கவில்லை. அவள் விட்ட இலையிலிருந்து தன் கைப்படி தொடர்ந்திருக்கிறாள். அந்த முதல் பெண் எங்கே போனாள்? வேலையை விட்டுக் கல்யாணமாகிப் போனாளா? அவளும் உன்னைப் போலத்தானா? பின்னால் வந்தவள் அவளைப் பார்த்திருப்பாளா?

வெளியே உப்புக் காற்று அடித்தது. அக்காமார் இருவரும் ஒரே பொட்டலத்திலிருந்து கடலை கொறித்துக்கொண்டு நடந்தார்கள். நான் அவர்கள் பின்னாலேயே பஸ் ஸ்டாப்வரை நடந்தேன்.

பிலோமி, உன் தையலைப் போலத் தைப்பதை விட்டுவிட்டேன். நீ நிறுத்திய இலைக்கு அடுத்த இலையிலிருந்து என் வலது கையால், என் இறுக்கத்தோடு தைக்கப் போகிறேன். நெட்டில் எதையும் மறைக்க முடியாது. உற்றுப் பார்க்கிறவர்களுக்கு இரண்டு கை தெரியும். நீ எங்கே நின்றாய் என்பதும் தெரியும். உங்கம்மா அழுவார்கள். இந்த மலர் அச்சாகுமுன் நானே அவர்கள் எதிரில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிடுவேன். கல்யாணத்துக்கு முன்னால் நெட்டை ரெஜினாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். இது உனக்கு என் வாக்கு.

இன்னும் ஒன்று. கேட்கக் கூச்சமாக இருந்ததால் கடைசிவரை தள்ளிவைத்தேன். உங்கம்மா கனவில் அடிக்கடி வருகிறாயாம். "நேத்தும் வந்தா, புட்டு கேட்டா" என்கிறார்கள். என் கனவுக்கு நீ ஒருமுறைகூட வரவில்லை. நெட்டு முடிந்ததும் ஒரே ஒரு தடவை வா. புட்டெல்லாம் என்னிடம் இல்லை. வந்து அதைத் திருப்பிப் பார். பின்பக்கம் பார்க்க எனக்கு வேறு ஆளில்லை.

உன் வீட்டில் பிறக்காத உன் அக்கா,
சந்தனக்கனி