தம்பிக்கு இளைய அக்கா

நாகல் நகர்,
திண்டுக்கல்.
20.3.1998

அன்புள்ள தம்பி சங்கிலிக்கு,

உன் அக்கா மாயம்மாள் எழுதுவது. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், முதலில் சேதி. நேற்று வியாழக்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்கு உன் அண்ணன் மணிமாறனை செஷன்ஸ் கோர்ட்டு விடுதலை செய்துவிட்டது. மூன்று பிரிவு போட்டிருந்தார்களே, மூன்றிலும் விடுதலை. ஒன்றுகூட பாக்கியில்லை. இந்த வரியை மட்டும் இரண்டு தடவை படி. நான் எழுதும்போதே இரண்டு தடவை படித்துவிட்டேன்.

உன்னைத் திட்டக்கூடாது என்று சாமி படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். எத்தனை பக்கம் தாங்குகிறது என்று பார்ப்போம். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் பேப்பர் துண்டு ஒன்றைக் கத்தரித்து உன் பட்டாளத்து விலாசத்துக்கு அனுப்பி வைத்தான். "பதினைந்து வயதுச் சிறுமியைக் கடத்திக் கற்பழித்த மோட்டார் மெக்கானிக் கைது." அதைப் பார்த்துவிட்டு நீ நாலு வரி எழுதினாய். அதற்குப் பிறகு எழுதவே இல்லை. என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன், நான் உனக்கு மூத்தவள்.

மணிமாறன் கிணற்று மோட்டாருக்கு வைண்டிங் கட்டப் போகிறவன் என்பது உனக்குத் தெரியும். எரியோட்டில் பொன்னுத்துரை என்பவர் தோட்டத்து மோட்டார் அந்த வருடம் நாலு தடவை புகைந்தது. நாலு தடவை போனதில் அவர் மகள் அன்புக்கரசியோடு பழக்கமாகிவிட்டது. அவர்கள் ஆட்கள் வேறு, நாம் வேறு. கேட்டால் கொடுக்கமாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். 96 செப்டம்பரில் அவளுக்கு வேறு இடத்தில் பூ வைக்க நாள் குறித்ததும், அவள் ஒரு மஞ்சள் பையோடு எரியோட்டில் பஸ் ஏறி, தனியாகத் திண்டுக்கல் வந்து இறங்கிவிட்டாள். இவன் அவளைக் கூட்டிக்கொண்டு ஆயக்குடியில் நம் சின்னம்மா வீட்டுக்குப் போனான். பழனியில் தாலி கட்டுவதாக எண்ணம். கட்டுவதற்கு முன்னால் மூன்றாம் நாளே போலீஸ் வந்து, இவனை ஜெயிலுக்கும் அவளை அப்பன் வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டது.

அவன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. பெரியவள் நான் ஒருத்தி இருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்காக ஜெயிலிலேயே அவனைத் திட்டினேன், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று. ஆனால் அவன் பேப்பரில் போட்ட மாதிரி ஆள் இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும், உனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்டேஷன் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிற ஒரு ஆள் எங்களைப் பிடித்துக்கொண்டார். "பொம்பளக் கேசு எல்லாம் ஒண்ணுதாம்மா. கோர்ட்டுல நின்னு ஆமான்னு ஒத்துக்கிட்டா மூணு மாசத்துல வெளிய வந்துரலாம்" என்றார். நம் அம்மா அதை நம்பிவிட்டது. மணிமாறனும் பயந்து போயிருந்தான். அந்தப் பிள்ளையைக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டாம், நான் ஒத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றான். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் தலையாட்டியிருப்பான்.

என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற சகாயசெல்வி என்ற வக்கீலம்மா உண்டு. குடைப்பாறைப்பட்டிக்காரர், ஒல்லியாக இருப்பார், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். அவரிடம் ஓடினேன். மனு எழுதுகிறவர் சொன்னதைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஏணிப்படி போல ஐந்து கோடு போட்டார். பெண்ணைப் பார்த்து அசிங்கமாகப் பேசினால், சைகை காட்டினால் அது 509, ஒரு வருடம் வரைக்கும். மானபங்கம் செய்கிற மாதிரி கை வைத்தால் 354, இரண்டு வருடம் வரைக்கும். வயது வராத பிள்ளையைப் பெற்றவரிடமிருந்து கூட்டிப்போனால் 363, ஏழு வருடம். கல்யாணத்துக்கென்று கடத்தினால் 366, பத்து வருடம். எல்லாவற்றுக்கும் மேலே உள்ள படி 376, பேப்பரில் போட்டிருந்தார்களே அந்தக் குற்றம். அதில் சாதாரணமாக ஏழு வருடத்துக்குக் குறையாது, ஆயுள் வரைக்கும் போகலாம். உன் அண்ணன் மேல் இருந்தது மேலே உள்ள மூன்று படியும். மூன்று மாதமாம், மூன்று மாதம்! ஆழம் தெரியாமல் காலை விட இருந்தோம் தம்பி.

அந்தக் கோபத்தில், இது என்ன பாழாய்ப்போன சட்டம் என்று நான் கத்திவிட்டேன். வக்கீலம்மாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "சட்டத்தைத் திட்டாதீங்க. நெசமாவே சீரழிக்கப்பட்ட பிள்ளைங்க இந்த நாற்காலியில உக்காந்து அழுதிருக்காங்க. அவங்களுக்கு இருக்கறது இது ஒண்ணுதான். உங்க தம்பிமேல இது பொருந்துமா பொருந்தாதாங்கறதுதான் நம்ம கேள்வி" என்றார். நான் அந்தத் தாளில் இரண்டாவது படியைத் தொட்டு, மில்லில் ராத்திரி ஷிப்டில் சூப்பர்வைசர் இடுப்பைக் கிள்ளினால் அது எதில் வரும் என்று கேட்டேன். இது என்றார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. நான் மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங் வேலையை விட்டுத் தையலுக்கு வந்தது ஏன் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. உனக்கு இப்போது தெரியும். அதற்கு ஒரு நம்பர் இருக்கிறது என்று பத்து வருடம் முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

சரி, கேஸுக்கு வருகிறேன். மூன்று படிக்கும் ஆதாரம் ஒன்றுதான், வயது. பதினெட்டு ஆகாதவளாக இருந்தால், அவளே ஓடி வந்திருந்தாலும் சட்டப்படி கடத்தல். பதினாறு ஆகாதவள் என்றால் அவள் சம்மதம் சம்மதமே இல்லை. பதினெட்டு முடிந்து, தானாக வந்திருந்தால் மூன்றும் நிற்காது. அன்புக்கரசி தனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது என்றாள். வீட்டில் பிறந்தவள், எங்கும் பதியவில்லை. எலும்பு எக்ஸ்ரே எடுத்த டாக்டர் பதினேழிலிருந்து பத்தொன்பதுக்குள் என்று எழுதிவிட்டார், அது இரண்டு பக்கமும் சாய்கிறது. பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டில் மட்டும் அச்சடித்த மாதிரி 1.6.1981 என்று இருந்தது. அதன்படி அவளுக்குப் பதினைந்து வயது, மூன்று மாதம். கோர்ட்டு பள்ளிக்கூடக் காகிதத்தைத்தான் நம்பும் என்றார் வக்கீலம்மா. எங்கள் பிடி நழுவியது அங்கேதான்.

இனி உன் அக்காவின் பெருமையைக் கேள். ஒருவரும் புகழாவிட்டால் நானே புகழ்ந்துகொள்ள வேண்டியதுதான். அது ஜூன் மாதம், யூனிபாரம் தையல் மலை மாதிரி குவிந்து கிடந்தது. நான் அளவு நோட்டில் பிள்ளையின் பெயர், வகுப்பு, வயது எல்லாம் எழுதுவேன். அக்கா தம்பியாக வந்தால் இரண்டையும் அடுத்தடுத்து எழுதுவேன். அக்காவின் அளவு தம்பியின் அளவை விடச் சின்னதாக இருந்தால் எங்கோ டேப் வழுக்கிவிட்டது என்று அர்த்தம், மறுபடி அளப்பேன். அன்றைக்கு ஒரு அக்கா தம்பிக்கு அப்படி மறுபடி அளந்துகொண்டிருக்கும்போது சட்டென்று மண்டையில் உறைத்தது. அன்புக்கரசிக்கு ஒரு தம்பி உண்டு. ஆயக்குடியில் இருந்த மூன்று நாளும் அவனைப் பற்றியே பேசினாள் என்று சின்னம்மா சொல்லியிருந்தது. இவள் ஓடிவந்த வருடமே அவன் பத்தாவது முடித்துவிட்டான். அக்காவுக்குப் பதினைந்து என்றால் பத்தாவது முடித்த தம்பிக்கு எத்தனை?

அளக்க வந்த பிள்ளைகளை அப்படியே நிறுத்திவிட்டு, கழுத்தில் டேப்போடு வக்கீலம்மா வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

பள்ளிக்கூடத்திலிருந்து சேர்க்கைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி மனுப் போட்டார். இந்த மாதிரிக் கேஸைக் கதவைச் சாத்தித்தான் விசாரிப்பார்கள், நாங்கள் எல்லாம் வெளியே புங்க மரத்தடியில் நின்றோம். ஆனால் பொன்னுத்துரை கிணற்று மேட்டிலிருந்து வயலுக்குக் கத்திக் கத்திப் பழகிய மனுஷன். அவர் சொன்ன பதில் ஒவ்வொன்றும் கதவைத் தாண்டி வந்தது. வக்கீலம்மா மெதுவாகக் கேட்டது மட்டும் பிறகு அவர் சொல்லித்தான் தெரியும். மகள்தானே மூத்தது என்று கேட்டிருக்கிறார். "ஆமா, அவதான் தலைச்சன். ரெண்டரை வருசங் கழிச்சுத்தான் பய பொறந்தான்" என்றது கதவு. பையன் வயதைச் சரியாகத்தான் எழுதினீர்களா என்றதற்கு, "ஆம்பளப் பிள்ளைக்குத் தப்பா எழுதுவேனா? ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில கொண்டுபோயில்ல சேத்தேன்" என்றது. உடனே பதிவேட்டைத் திறந்து காட்டினார்களாம். நாற்பத்தொன்றாம் வரியில் அன்புக்கரசி, 1.6.1981. அதற்கு நேர் கீழே நாற்பத்திரண்டில் தம்பி, 20.10.1980. பள்ளிக்கூடத்துக் கணக்கில் தம்பிதான் அக்காவுக்கு மூத்தவன்! அவனுக்கு இரண்டரை வருடம் மூத்தவள் என்றால், எரியோட்டில் பஸ் ஏறியபோதே அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாராம்.

நடந்தது இதுதான். தம்பியைத் தூக்கி வளர்க்கவென்று அவளை எட்டு வயது வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அவனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது, அவள் இல்லாமல் போகமாட்டேன் என்று அவன் அழுததால், அதே நாளில் அவளையும் சேர்த்திருக்கிறார். எட்டு என்றால் ஒன்றாவதில் எடுக்கமாட்டார்கள் என்று ஐந்து என்று சொல்லிவிட்டார். தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் எழுதுகிற ஜூன் ஒன்றை வாத்தியார் எழுதிவிட்டார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், இவருடையது பதினொரு வருடம் தாங்கியிருக்கிறது.

எனக்கு அதற்குப் பிறகும் ஒரு பயம் இருந்தது. அந்தப் பிள்ளை ஒன்றரை வருடமாக அப்பன் வீட்டுச் சோற்றைத் தின்கிறவள். என்ன சொல்லிக் கொடுத்து அனுப்புவார்களோ, எப்படி மிரட்டியிருப்பார்களோ. சாட்சிக் கூண்டில் ஏறி, "யாரும் என்னயக் கூட்டிட்டுப் போகல. நாந்தான் அவரத் தேடிப் போனேன்" என்று சொன்னாளாம். அரசு வக்கீல் மூன்று விதமாக மாற்றி மாற்றிக் கேட்டும் அதே வார்த்தையைத்தான் சொன்னாளாம். வெளியே வந்தபோது கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நான்தான் மரத்தடியில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

நேற்று தீர்ப்பு. அவள் தானாக வந்தவள், வயது வந்தவள், எங்கே போவதும் அவள் இஷ்டம் என்று நீதிபதி சொல்லிவிட்டார். மணிமாறன் வெளியே வந்து, வாசலில் விட்ட செருப்பைத் தேடினான். செருப்பு கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, அவனுக்குத் தெரியவில்லை. நான்தான் எடுத்துப் போட்டேன். பொன்னுத்துரை யாரையும் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரம் அந்த முதுகைப் பார்த்ததும் பாதியாகிவிட்டது. மிச்சப் பாதி இருக்கிறது, அது இருக்கட்டும். அன்புக்கரசி என்னோடு ஆட்டோவில் வந்தாள். "எனக்கு வயசு எம்புட்டுன்னு ஆளாளுக்குச் சொல்லிட்டாங்க மதினி. இன்னைக்குத்தான் நான் சொன்ன வயசு எனக்குக் கெடச்சிருக்கு" என்றாள். இப்போது என் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறாள். கை சுத்தம்.

அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் நேற்று தெரு முழுக்கத் தானே நடந்துபோய்க் கற்கண்டு கொடுத்துவிட்டு வந்தது. கேஸ் வந்ததிலிருந்து நம் வாசலில் கோலம் போடாமல் இருந்ததல்லவா, இன்று காலையில் தேர்க்கோலம். அப்புறம் இன்னொன்று. பஸ் ஸ்டாண்டில் மில் பிள்ளைகளைப் பார்த்துத் தினமும் கேவலமாகப் பாடுகிற ஒருத்தன் இருந்தான். போன வாரம் அவனிடம் போய், ஐந்நூற்று ஒன்பது, ஒரு வருடம், கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன். ஆள் இப்போது வேறு பாதையில் போகிறானாம். அந்த ஏணித் தாளை மிஷினுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள்.

சித்திரை பத்தாம் தேதி பழனியில் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழனாக யாரை நிறுத்தலாம் என்று கேட்டேன். "நம்ம சங்கிலி இருக்கானேக்கா" என்றான், ஏதோ நீ பக்கத்துத் தெருவில் இருக்கிற மாதிரி.

தம்பி, இதை மட்டும் கேட்டுக்கொள். ஜாமீன் கிடைக்கிற வரைக்கும் ஐம்பத்து மூன்று நாள் அவன் மதுரை ஜெயிலில் இருந்தபோது, ஒவ்வொரு தடவை பார்க்கப் போகும்போதும் உன் கடிதம் வந்ததா என்றுதான் முதலில் கேட்டான். "அவன் எனக்கு அண்ணன் இல்லை, என் பெயரை எங்கேயும் சொல்ல வேண்டாம்" என்று நீ எழுதியதை நான் காட்டவில்லை. பட்டாளத்துத் தபால் மழையில் மாட்டிக்கொள்கிறது என்று சொன்னேன். பொய்யே சொல்லாதே என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அவன் இன்று வரைக்கும் அதை நம்புகிறான். தபால்காரர் மணி அடித்தால் எழுந்து பார்க்கிறான்.

உன் கடிதத்தை நேற்று அடுப்பில் போட்டுவிட்டேன். இனி நீ எழுதுவதுதான் முதல் கடிதம். விலாசத்தில் என் பெயரைப் போடாதே, அவன் பெயரைப் போடு. ரொம்ப எழுத வேண்டாம். அன்புள்ள அண்ணனுக்கு என்று மட்டும் எழுதினால்கூடப் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ எந்த மலையில் காவல் நிற்கிறாயோ, அங்கே உனக்கு ஒரு குறையும் வராமல் பழனி ஆண்டவன் துணை இருக்கட்டும். லீவு போட்டு வந்துவிடு சாமி.

உன் மேல் கோபம் தீர்ந்த அக்கா,
மாயம்மாள்

பி.கு: தோழனுக்கு வெள்ளைச் சட்டை நான்தான் தைக்கிறேன். உன் பழைய அளவு நோட்டில் இருக்கிறது. பட்டாளத்துச் சோற்றில் தோள் அகன்றிருக்கும் என்று ஒரு அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டியிருக்கிறேன்.