ரயில்வே கேட்டில் நின்ற வண்டி

திருத்தணி
ஆவணி 22, ஞாயிறு காலை

அன்பு மகள் அனுராதாவுக்கு நைனா எழுதுவது. தணிகை முருகன் புண்ணியத்தில் இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை, என் மனசுதான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. நியூசிலாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், உன் இருமல் விட்டதா? ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், இது அவளைப் பற்றிய விஷயம். போன வாரம் வண்டி எங்கே நைனா என்று நீ கேட்டதற்கு, பெயிண்ட் அடிக்க விட்டிருக்கிறேன் என்று சொன்னேன். அது பொய்யம்மா. இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்துவிட்டேன்.

ஆனி கடைசியிலிருந்தே நம் பிக்கப் வண்டி தகராறு செய்தது. காலையில் ஒரே சாவியில் கிளம்பிவிடும். ஆர்.கே.பேட்டைக்குப் போய் சேலை மூட்டை ஏற்றி வரும் வழியில், கே.ஜி.கண்டிகை தாண்டுவதற்குள் இழுவை குறைந்துவிடும், ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கும், அப்புறம் நின்றே போகும். ஓரம்கட்டி டீ குடித்து அரைமணி நேரம் கழித்துச் சாவி போட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். எப்போது எங்கே நிற்குமோ என்ற நினைப்பிலேயே சோறு இறங்கவில்லை. உன் தாய்மாமன் குமரவேலின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். முதலில் டீசல் பில்டரை மாற்றினான். ஒருநாள் ஓடியது, மறுநாள் அதே கதை. பிறகு, டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற பம்ப் தளர்ந்துபோயிருக்கும் பாவா, வண்டிக்கும் வயசாயிடுச்சு, அத்த மாத்திட்டா சரியாப்பூடும் என்றான். புது பம்பும் போட்டான். நானும் நம்பினேன்.

ஆவணி ஐந்தாம் தேதி மணவூரில் வள்ளிநாயகி சித்தியின் மகளுக்கு வளைகாப்பு. அம்மா ஐந்து வகை சோறு கட்டி, தூக்குப் பாத்திரங்களை மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். மணவூருக்கு முன்னால் இருக்கிற ரயில்வே கேட் திறந்திருந்தது. முன் சக்கரம் இரண்டும் தண்டவாளத்தைத் தாண்டின, அங்கேயே வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கர் கர் என்றதோடு சரி. கேட்காரர் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, ரயில் வர நேரம், தள்ளுங்க தள்ளுங்க என்று கத்துகிறார். நான் குதித்து இறங்கினேன். இறங்கி என்ன செய்தேன் தெரியுமா? பேனட்டைத் திறந்து, டீசலை ஏற்றுகிற கைப்பம்பைப் பிடித்து அழுத்திக்கொண்டு நின்றேன். அம்மா பக்கத்துக் கதவு உள்ளிருந்து திறக்காது, கைப்பிடி உடைந்து ஒரு வருஷம் ஆகிறது, நான்தான் எப்போதும் வெளியே போய்த் திறந்துவிடுவேன். அது எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை. கண்ணாடிக்குள் அவள் கையால் தட்டியது காதில் விழுந்தது. விழுந்தும் நான் பம்பைத்தான் அழுத்தினேன். பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் இறங்கி வந்தார்கள், அதில் ஒருவர்தான் கதவைத் திறந்து அவளைக் கைபிடித்து இறக்கினார், மற்றவர்கள் வண்டியைத் தள்ளி வெளியே விட்டார்கள். கேட் மூடி, கொஞ்ச நேரத்தில் ரயில் போனது. கேட் மூடாமல் ரயிலுக்குச் சிக்னல் விழாது, பயப்படாதீங்க பெரியவரே என்று கேட்காரர் பிறகு சொன்னார். ஆனால் அது அவளுக்கு உள்ளே இருந்தபோது தெரியாதே. எனக்கும்தான் தெரியாது.

அம்மா திட்டவில்லை. அந்தப் பஸ்ஸிலேயே ஏறி வளைகாப்புக்குப் போனாள், வளையல் போட்டுக்கொண்டு பஸ்ஸிலேயே திரும்பி வந்தாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை, மறுநாள் நேராகக் குமரவேல் பட்டறைக்குப் போய், நாலு பேர் முன்னால், பழைய பம்பைக் கழுவித் துடைத்துப் புதுசு என்று மாட்டியிருக்கிறாய், உன் அக்காவையே கொல்லப் பார்த்தாய் என்று கத்திவிட்டேன். அவன் கையைத் துணியில் துடைத்தான், உள்ளே போய்விட்டான். அதற்குப் பிறகு வேறு ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன், இன்ஜினுக்கு டீசல் அடிக்கிற பெரிய பம்பையே கழற்றி சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றார். நானும் வீட்டு வாசலில் நிறுத்தி தினமும் அதை நோண்டினேன். டீசல் வரும் குழாயைத் தளர்த்தி காற்றுக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. அம்மா நூல் சுற்றும் வேலைக்கு ஆர்.கே.பேட்டைக்குத் தினமும் என்னோடுதான் வண்டியில் வருவாள் அல்லவா, இப்போது எனக்கு முன்னாலேயே கிளம்பி பஸ்ஸுக்குப் போய்விடுகிறாள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் குமரவேல் தானாகவே வந்தான். கையில் ஐந்து லிட்டர் கேனும் ஒரு டியூபும். முகத்தைப் பார்க்காமலேயே, எல்லாரும் பம்பையே குத்தம் சொல்லிகினு இருக்கோம், டேங்க்கை யாராவது பாத்தோமா பாவா என்றான். டேங்க்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனில் டீசல் ஊற்றி, அதிலிருந்து நேராகப் பம்புக்கு டியூப் கொடுத்தான். கேனைக் கட்டிவைத்து ஆர்.கே.பேட்டை வரை போய்த் திரும்பினோம், மேட்டில்கூட ஒரு திணறல் இல்லை. அப்படியென்றால் பம்ப் நல்ல பம்ப். பழையபடி டேங்க் குழாயை மாட்டி ஓட்டினோம், கண்டிகை தாண்டியதும் நின்றது. நான் பேனட்டுக்கு ஓடினேன், அவன் டேங்க் மூடிக்குப் போனான். மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. உடனே சாவி போடச் சொன்னான், கிளம்பிவிட்டது. மூடியைத் திருப்பிக் காட்டினான். காற்றுப் போகிற சின்ன ஓட்டையை அடைத்துக்கொண்டு ஒரு சைக்கிள் டியூப் துண்டு. டீசல் குறையக் குறைய டேங்க்குக்குள் காற்றுப் போக வேண்டும், போகாவிட்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. சும்மா நிற்கும்போது எங்கோ கசிந்து காற்றுப் போய்விடும், அதனால்தான் அரைமணி கழித்து ஓடியது. இத்த யாரு வெச்சது என்று கேட்டான். ஆனியில் ஒருநாள் பெய்த மழையில் தண்ணீர் இறங்குகிறது என்று வெட்டி வைத்தவன் நான்தான். ஆங், நான்தான் என்றேன். அவன் சிரிக்கவில்லை.

பட்டறைக்குப் போய், அன்றைக்கு இருந்த அதே ஆட்கள் முன்னால், தப்பு என்னுடையது, பம்ப் மேல் குற்றம் இல்லை, குமரவேல் மேலும் இல்லை என்று சொன்னேன். அவன் என்னைத் தனியாகக் கூட்டிப்போய், எங்கிட்ட மன்னிப்பு கேட்டது இருக்கட்டும், அக்காகிட்ட கேட்டீங்களா பாவா என்றான். அன்று சாயங்காலம் அம்மாவிடம், மூடிதான் காரணம், இப்போது சரியாகிவிட்டது, கதவுக் கைப்பிடியும் மாற்றிவிட்டேன் என்று சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, வண்டி நின்னதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலியே, நான் உள்ள தட்டிகினு இருந்தேன், நீங்க பேனட்ட தொறந்தீங்க, அவ்ளோதான் என்றாள். பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை என்று சொல்லியிருக்கலாம் அனு, உண்மையும் அதுதான். தப்பு பண்ணிட்டேன் பத்மா என்று மட்டும் சொன்னேன். அவள் உலையை வைத்தாள்.

வியாழக்கிழமை வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு அவள் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, அதே பஸ்ஸில் ஏறினேன். அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள், நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டிகையில் அவள் பக்கத்தில் இருந்த பெண் இறங்கினாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் காலியான சீட்டில் வேறு யாரும் உட்காருவதற்குள் தன் சாப்பாட்டுப் பையை எடுத்து அதன்மேல் வைத்தாள். நான் பக்கத்தில் போய் நின்றதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தேன். பிறகு, வண்டிய பூட்டினீங்களா என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன், பூட்டினேனா இல்லையா என்று எனக்கு ஞாபகமே இல்லை. அப்படியே சொன்னேன். எறங்கிப் போய் பாக்கறீங்களா என்றாள். வேண்டாம் என்றேன். ஆர்.கே.பேட்டை வரை இறங்கவில்லை.

இதெல்லாம் உனக்குத் தெரியும் என்று அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே, எனக்காக அவளிடம் பரிந்து பேசவும் வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் நம்பருக்குப் பண்ணாமல் அவள் நம்பருக்கே போன் பண்ணி நிறைய நேரம் பேசு, வளையல் எப்படி இருக்கிறது என்று கேள், காட்டுவாள். நீயும் மாப்பிள்ளையும் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கிற தூரத்திலேயே நூறு வயது இருக்க வேண்டும் என்று மலை ஏறி வேண்டிக்கொண்டேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் நைனா,
சா. பக்தவச்சலம்