இஸ்திரிப் பெட்டிக் கப்பல்

அக்கா,

நேற்றுச் சாயங்காலம் மழை பிடித்ததும் மின்சாரம் போய்விட்டது. மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, தட்டில் நாலு சொட்டு உருக்கி அதன்மேல் நிறுத்தினேன். அந்த வாசனை வந்ததுதான் தாமதம், மண்ணரையில் நாம் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்த லைன் வீட்டில் உங்கள் அடுப்படிக்குள் போய் நின்றுவிட்டேன். உங்கள் ஒரு கையில் எரியும் மெழுகுவர்த்தி, இன்னொரு கையில் என் பழைய சாப்பாட்டு டப்பா. "ஓட்டை எங்கீங் கண்ணு இருக்குது?" என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள்.

அந்தப் படகுப் பைத்தியம் நமக்குப் பிடித்ததே உங்கள் மகனால்தான். கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனவன் சக்கரம் உடைந்த ஒரு ரிமோட் காரைப் பரண்மேல் விட்டுப் போயிருந்தான். உங்கள் வீட்டுக்கார அண்ணன் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. முதுகு வலியால் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையையும் விட்டிருந்தீர்கள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அந்தக் காரைத் திருப்புளியால் திறந்தீர்கள். வேலை முடிந்து நான் வந்தபோது அது தரையில் துண்டு துண்டாகக் கிடந்தது.

"மோட்டாரு நல்லாத்தானுங் சுத்துது. சக்கரந்தான் இல்ல. தண்ணில போறதுக்குச் சக்கரம் எதுக்குங்?" என்றீர்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தையல் மெஷினில் ஊசி உடைந்தால்கூட மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவள் நான். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேனாக் குழாய்க்குள் கிரீஸ் அடைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் சைக்கிள் கம்பி ஒன்றைச் செருகி, முனையில் பொம்மை விசிறியின் இறக்கையைக் கத்தரித்து மாட்டினோம். டப்பா ஓரத்தை மெழுகால் அடைத்தோம். மாடித் தொட்டியில் விட்டதும் அது ஒரே இடத்தில் கிறுகிறுவென்று சுற்றியது. திருப்பத் தெரியாது, நிற்கத் தெரியாது. பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றைப் பின்னால் சுக்கானாக வைத்த பிறகுதான் ஒழுங்காகப் போனது.

தேர்த் திருவிழாக் கடையில் அதே மாதிரி இன்னொரு கார் வாங்கி, உங்களுக்கென்று சோப்புப் பெட்டியில் ஒரு படகு செய்தோமே, அந்த முதல் பந்தயம் நினைவிருக்கிறதா? நான் பித்தானை அழுத்தினால் உங்கள் படகு ஓடியது. நீங்கள் அழுத்தினால் என்னுடையது சுவரில் முட்டியது. இரண்டு ரிமோட்டும் ஒரே அலையில் பேசுகின்றன என்று கடைக்காரர் சொல்லும்வரை ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். வேறு மாதிரி ஒன்றை மாற்றி வாங்கி வந்தோம்.

பிறகு ஒருநாள் டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்து அண்ணனின் இஸ்திரிப் பெட்டியை எடுத்தீர்கள். அவர் துணி தேய்த்த கம்பெனியில் கழித்துப்போட்டதைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாராம். அதன் கூர்மூக்கை விரலால் தடவி, "இது கப்பலாட்டவே இருக்குதுங்" என்றீர்கள்.

எனக்குப் பதறிவிட்டது. "யக்கா, அண்ணன் கைபட்ட பெட்டில்லா! முங்கிட்டுன்னா என்ன செய்வீய?"

"இதைப் புடிச்சுட்டு அவரு இருவது வருசம் நின்ன எடத்துலயே நின்னாருங் கண்ணு. இதாச்சும் நாலு எடம் போயிட்டு வரட்டுமே."

நானே திருப்புளியை எடுத்துக் கொடுத்தேன். கனமான அடித்தகட்டைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டு, மேற்கூட்டின் கீழே அதே அளவுக்குத் தெர்மாகோல் வெட்டி ஒட்டி, சோப்புப் பெட்டிப் படகின் மோட்டாரை அதில் மாட்டினோம். நூல் சுற்றிவரும் காலிக் கூம்பைப் புகைபோக்கியாக நிறுத்தினீர்கள்.

குளக்கரைக்குக் கொண்டுபோன ஞாயிறு காலையை எப்படி மறப்பேன்? நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். "ஏனுங்க, தண்ணிக்கே இஸ்திரி போடறீங்களா?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்களோ, "ஆமாங்க, பாருங்க எத்தனை சுருக்கம்" என்று அலையைக் காட்டினீர்கள்.

பெட்டி நடுக்குளம்வரை கம்பீரமாகப் போனது. அங்கே மோட்டார் நின்றது. காற்று அதை மெல்ல மதகுப் பக்கம் தள்ளியது. மதகுக்குள் போனால் அவ்வளவுதான். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு வடக்கத்திப் பையன் சட்டையைக் கழற்றிக்கொண்டு, "தீதி, அக்கா, நான் உள்ளே போகவா?" என்றான்.

"வேண்டாஞ் சாமி, சேறு ஆழமுங்க" என்று அவனைத் தடுத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "உங்க டப்பாவை விடுங் கண்ணு."

"எனக்குப் பயமா இருக்குக்கா. நீங்களே விடுங்க."

"எனக்கு அதைவிடப் பயமா இருக்குதுங்" என்றீர்கள். அப்போதுதான் பார்த்தேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த உங்கள் உதடு வெளுத்திருந்தது.

டப்பாவை விட்டேன். பெட்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போக வைத்து, அதன் விலாவில் முட்டவிட்டேன். நழுவியது. மறுபடி முட்டினேன். சிரித்தவர்களே "இடது பக்கம்மா, இடது!" என்று கத்தினார்கள். மதகுக்கு ஒரு முழம் இருக்கும்போது பெட்டியின் மூக்கு கரைப்பக்கம் திரும்பியது. அப்புறம் சாண் சாணாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். கரை சேர எவ்வளவு நேரம் ஆனதோ, ஒருவரும் நகரவில்லை.

நீங்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி அதைத் தூக்கி, முந்தானையால் துடைத்தீர்கள். "நல்லாச் சுத்திப் பாத்துட்டு வந்துட்டாருங்" என்று சொன்னீர்கள். வந்துட்டாரு என்று சொன்னது உங்கள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். இருவரும் கரையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதோம். பிறகு பசிக்கிறது என்று இட்லி தின்னப் போனோம்.

அதன்பின் மூன்று வருஷம், எத்தனை படகுகள்! போன ஆடியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். நான்காம் நாள் உங்கள் உடலைத்தான் கொண்டு வந்தார்கள். எல்லாம் முடிந்து உங்கள் மகன் கிளம்பும்போது, நகை எது, பாத்திரம் எது என்று கேட்கவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். இப்போது அவன் வேலை பார்க்கும் சென்னையில் அவன் மேசைமேல் இருக்கிறது.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் குளத்துக்குப் போவதை விடவில்லை. கம்பெனியில் ஊசியை நானே மாற்றுகிறேன். போன வாரம் மீன்கூடை வடிவில் ஒன்றை விட்டேன். கம்பெனியில் எங்கள் தையல் லைனின் சூப்பர்வைசர் அம்மா அந்த வழியாக வந்தவர், பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். முன்பென்றால் அங்கேயே கூசிச் செத்திருப்பேன். ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். சிரிப்பு நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரோரம் போய் நின்றார். இருட்டும்வரை அவர் அதைத் திருப்பித் தரவில்லை அக்கா.