மனாட்டி என்று எழுதினாயே

மைசூர்
12.8.1996

சிரஞ்சீவி முரளிதரனுக்கு அம்மாவின் ஆசிகள். உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று வழக்கம்போல் எழுத எனக்கு இஷ்டமில்லை, உன் தங்கை லீலா சரியாகச் சாப்பிட்டு ஒரு வாரமாகிறது, காரணம் நீதான். பிரசவத்துக்கு வந்து கைக்குழந்தையோடு இருப்பவளின் போட்டோவைப் பார்த்துவிட்டு, ஃப்ளோரிடாவிலிருந்து ஒரு பட அட்டை போட்டாயே, அதில் லீலா இப்போது அசல் மனாட்டி ஆகிவிட்டாள் என்று ஒரு வரி. கண்ணாடி போடாத நான் அதை மனையாட்டி என்று படித்துத் தொலைத்தேன். அண்ணா எவ்வளவு கௌரவமாக எழுதியிருக்கிறான் பாருங்கள் என்று, குழந்தையைப் பார்க்க வந்திருந்த அவள் மாமியாரிடம் உரக்க வேறு படித்துக் காட்டினேன். மாப்பிள்ளை ஹேமந்த் அட்டையை வாங்கித் திருப்பினார். மறுபக்கம் சாம்பல் நிறத்தில் மூட்டை மாதிரி தண்ணீரில் மிதக்கும் ஒரு பிராணி, கீழே இங்கிலீஷில் அதே பெயர். அவர் சிரித்தார், மாமியாரும் சிரித்தார். லீலா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஒரு கை ரசம் சாதத்தோடு சரி. பால் குறைந்துபோய்க் குழந்தை வீரிட்டு அழுகிறது. அதைக் குளிப்பாட்ட வரும் சென்னம்மா, ஊட்டா மாடதித்ரே ஹாலு எல்லிந்த பருத்தே என்று என்னைத்தான் கேட்கிறாள். சாப்பிடாமல் பால் எங்கிருந்து வரும் என்று அவளுக்குத் தெரிகிறது, அவ்வளவு படித்த உனக்குத் தெரியவில்லை. உன் அப்பா பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தார். நம் ராமேஸ்வரம் பக்கத்துக் கடற்பசுவுக்குத் தூரத்துச் சொந்தமாம் அது. கை என்று அர்த்தம் வரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் என்று சிலர் சொல்கிறார்களாம், ஆனால் கரீபியத் தீவு ஜனங்களின் சொல்லை ஸ்பெயின்காரர்கள் எடுத்துக்கொண்டது என்பதுதான் பொருத்தமாம். அந்த ஜனங்களின் பேச்சில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு, வரியின்மேல் விரலை வைத்துப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். முலை என்று போட்டிருந்தது. மார்பிலே பால் கொடுத்துக் கன்றை வளர்ப்பதால் வந்த பெயராக இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லியா பால் கொடுக்கிறவளைக் கேலி செய்தாய்? எனக்கு வந்த கோபத்துக்கு நீ எதிரில் இருந்திருந்தால் முதுகில் இரண்டு வைத்திருப்பேன்.

நேற்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து அர்த்தத்தைச் சொன்னேன். குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டு, அண்ணா இது தெரிஞ்சுதான் எழுதினானாம்மா என்று கேட்டாள். தெரிஞ்சுதான்டி எழுதினான் என்று சொல்லிவிட்டேன். தட்டைக் கொண்டு வரச் சொல்லி, மறு சாதமும் போட்டுக்கொண்டாள்.

குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளிக்காதே. தீர்க்காயுசாக இரு. லீலாவுக்கு உடனே தனியாக ஒரு கடிதம் எழுது. மன்னிப்பு கேட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடாதே. அர்த்தம் தெரிந்துதான் எழுதினாய், ஞாபகம் இருக்கட்டும்.

இன்னும் கோபம் தீராத உன் அம்மா,
மீனாக்ஷி