லுண்டீனின் மாறாத எண்கள்

செப்டம்பர் 10, 1946. செவ்வாய்

இரண்டு மணி நேர அமெரிக்க ஃபுட்பால் பயிற்சி. இடது கால் பூட்ஸுக்குள் மரக்கட்டையாகக் கிடக்கிறது. பனியில் கருகிய இரண்டு விரல்களைப் பெல்ஜியத்தில் வெட்டிப் போட்டார்கள். வலி மட்டும் என்னோடு மின்னசோட்டாவுக்கு வந்துவிட்டது.

என் பழைய கோச் லுண்டீன் சொன்னது இன்னும் காதை விட்டுப் போகவில்லை. 42-இல் கெல்லர்ட்டன் கல்லூரிக்காக, அந்த ஆளுக்காக, ஒன்பது ஆட்டம் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினவன் நான். சண்டை முடிந்து போய் நின்றால் என் 27-ஆம் எண் சட்டையை ஒரு தடியன் போட்டிருக்கிறான். "எட்டு விரலை வச்சுக்கிட்டு என்னத்த ஓடுவ? போ தம்பி, போய் மாட்டக் கற." எல்லார் எதிரிலும். எல்லாரும் சிரித்தார்கள்.

மாடு கறக்கப் போகவில்லை. இருபது மைல் தள்ளி, பிளம் க்ரீக் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தேன். இங்கே அணிக்கு ஆள் கிடைத்தால் போதும், விரலை எண்ண மாட்டார்கள். என்னைத் தலைவனாகவே ஆக்கிவிட்டார்கள்.

செப்டம்பர் 14

அட்டவணை ஒட்டினார்கள். அக்டோபர் 26, கெல்லர்ட்டன், அவர்கள் மைதானத்தில். அன்று அவர்களுடைய பழைய மாணவர் திருவிழா. அந்த நாளுக்கென்று நிச்சயம் தோற்கிற அணியாகப் பார்த்துத்தான் எப்போதும் கூப்பிடுவார்கள். கோழி வறுவல் தின்றுவிட்டு வந்து உட்காரும் நாலாயிரம் பேருக்கு ஜெயித்துக் காட்ட வேண்டுமே! இந்த வருஷம் வெட்டப் பிடித்த ஆடு நாங்கள்.

சரி. ஆடு வரும்.

செப்டம்பர் 21

தோற்றோம், 20–0. எனக்கு வருத்தமே இல்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு சனிக்கிழமை.

அக்டோபர் 5

எங்களுக்கு இன்று ஆட்டமில்லை. தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு கெல்லர்ட்டன் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன்.

லுண்டீனின் அணி மற்றவர்களைப் போல வட்டமாகக் கூடி ரகசியம் பேசாது. அது கோழிகள் செய்கிற வேலை என்பார். வரிசையில் நின்றபடியே ஒருவன் எண்களைக் கத்துவான். யார், எந்தப் பக்கம் ஓடுவது என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். இன்றைக்கும் அதே எண்கள்! ஒன்றுகூட மாறவில்லை. நாலு வருஷத்தில் தேசங்களின் எல்லையே மாறிவிட்டது, லுண்டீனின் எண்கள் மாறவில்லை. துரத்திவிட்டவனுக்கும் காது உண்டு என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லையா?

வீட்டுக்கு வந்து மனைவி லவர்னிடம் சொன்னேன்.

"இது நியாயமா எமில்?"

"அவன் என் விரல எண்ணினது நியாயமா?"

"சரி, மொதல்ல பிள்ளைக்குப் பாலக் காய்ச்சு. அப்புறம் பழி வாங்கு."

அக்டோபர் 7

எங்கள் கோச் ஹப்பர்ட்டிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

நான் பின்வரிசையில் நிற்க வேண்டும். எண்ணைக் கேட்டதும் கத்த வேண்டும். இடப்பக்கம் என்றால் 'டெய்சி', வலப்பக்கம் என்றால் 'பெஸி'. இரண்டும் அப்பாவின் பண்ணை மாடுகள். மாட்டக் கறன்னு சொன்னான்ல?

அக்டோபர் 26. சனி

13–7. நாங்கள்!

முதல் எண்ணைக் கேட்டதும் "டெய்சி!" என்று கத்தினேன். அவர்கள் பந்தைத் தொடுவதற்கு முன்பே எங்கள் ஆட்கள் இடப்பக்கம் போய்விட்டார்கள். அந்த 27-ஆம் எண் தடியன் எட்டு முறை மண்ணைக் கவ்வினான். மூன்றாம் கால்பகுதியில் லுண்டீனின் முகம் வெளுத்தது; புரிந்துவிட்டது. புரிந்து என்ன? அந்தப் பையன்களுக்கு வேறு எண்ணே தெரியாது. வெளியிலிருந்து கத்திச் சொல்லவும் விதியில் இடமில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

ஹப்பர்ட்டுக்குக் கைகொடுக்க அவர் வந்தபோது, முகம் தெரியட்டும் என்று தலைக்கவசத்தைக் கழற்றினேன்.

"மாடு நல்லாக் கறக்குது கோச்."

இனித்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே இனித்தது.

நவம்பர் 9

கெல்லர்ட்டன் இன்றும் தோற்றது. இப்போது எல்லா அணிக்கும் அந்த எண்கள் தெரியும். நான் சொன்னது லவர்ன், ஹப்பர்ட் என்று இரண்டு பேரிடம்தான்.

டிசம்பர் 7

லுண்டீனை நீக்கிவிட்டார்கள். பேப்பரில் நாலு வரி. வெட்டி எடுத்து வைத்துக்கொண்டேன். லவர்ன் பார்த்தாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

ஜனவரி 14, 1947

கெல்லர்ட்டனின் புதிய கோச் யார் தெரியுமா? ஹப்பர்ட்! நம்ம ஹப்பர்ட்! கத்துனது நான், தொண்ட கட்டுனது எனக்கு, பதவி அவருக்கு.

"என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா கோச்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் குனிந்து என் காலைப் பார்த்தார்.

பிப்ரவரி 20

கல்லூரித் தலைவர் கூப்பிட்டனுப்பினார். ஹப்பர்ட்டின் இடத்துக்கு, இவர்கள் தருகிற சம்பளத்துக்கு, விண்ணப்பித்திருப்பது ஒரே ஆள். லுண்டீன்.

"நீதான் அணித்தலைவன். நீ வேண்டாம்னா வேண்டாம்" என்றார்.

ஒரு வார்த்தை போதும். அதோடு அந்த ஆளின் பிழைப்பு முடிந்தது. நாக்கு நுனிவரை வந்தது — அப்புறம் யோசித்தேன். ஏன், வரட்டுமே? உடைந்த வெந்நீர்க் குழாய், ஒட்டுப்போட்ட சட்டைகள், குளிரில் விறைக்கும் பஸ், எட்டு விரல் தலைவன். தினமும் என் முகத்தில் விழிக்கட்டும்.

"வரட்டும் சார்" என்றேன். "உனக்குப் பெரிய மனசுப்பா" என்று அவர் கையைக் குலுக்கினார்.

ஏப்ரல் 14

வசந்தகாலப் பயிற்சி இன்று தொடங்கியது. பனி உருகினால் எங்கள் மைதானம் கல்லாகக் கக்கும். மூன்று மணிப் பயிற்சிக்கு இரண்டரைக்கே போய்ச் சுவரோரம் நின்றேன். லுண்டீன் மண்டியிட்டு வாளியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயது. கெல்லர்ட்டனில் இதற்கென்று நாலு ஆள் இருந்தார்கள்.

இதைப் பார்க்கத்தானே வரச் சொன்னேன்? பத்து நிமிஷம் பார்த்தேன். நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

என்னைக் கண்டதும், "எண்களப் பூரா மாத்தணும். பழசு ஊருக்கே தெரியும்" என்றார்.

"தெரியும்."

"புதுச நீ போடு. அத ஒடைக்கத் தெரிஞ்சவன் நீதான."

போய் எதிரே மண்டியிட்டேன். "உங்கள நான் மன்னிக்கல கோச்."

"நான் கேட்டனா? அந்தப் பெரிய கல்ல எடு. பசங்க முட்டி பேந்துரும்."