என் பாட்டுக்கு மேலே ஏறிய பூஸ்ட்

அண்ணே,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால், மாதா கோயில் பின்னறையில் மாட்டியிருந்த உங்கள் கித்தாரின் தோள்வாரை மூக்கில் வைத்து மோந்து பார்த்தேன். உங்கள் தைல வாசம் இன்னும் போகவில்லை. அந்த நேரம் பார்த்தா உங்கள் வீட்டு அண்ணி உள்ளே வரவேண்டும்!

"என்னா பிள்ளே, அழுறியா?"

"இல்ல அண்ணி, அண்ணனத் திட்டிக்கிட்டு இருக்கேன்."

"நானும் காலையிலேர்ந்து அதைத்தான் பண்றேன்" என்றார்.

வாயால் திட்டியது பத்தவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில், அதுவும் பாதிதான். பிழை இருந்தால் அங்கே இருக்கிற வாத்தியார் யாரிடமாவது கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

நம் லூனாஸ் ஊர்க் கோயிலில் நீங்கள் கித்தார், நான் பாட்டு. உங்கள் கித்தாரின் வயிற்றுக்குள் ஒரு பேட்டரி, வெளியே ஒரு பூஸ்ட் குமிழ். சத்தக் குமிழ் வேறு, இது வேறு. இதைத் திருகினால் கித்தாரின் நடுக்குரல் எழும்பி முன்னால் வந்து நிற்கும். சரியாக என் தொண்டை நிற்கிற இடத்தில் வந்து நிற்கும். அதை நீங்கள் வருகைப் பாட்டில் திருகினால் கடைசிப் பாட்டு வரைக்கும் இறக்க மாட்டீர்கள். சந்தையில் மீன் வாங்கும்போது ஓர் அக்கா என்னைக் கேட்டார்: "நீ நிஜமாவே பாடுறியா, இல்ல வாயை மட்டும் அசைக்கிறியா?" அன்றைக்கு வாங்கிய மீனை நான் சாப்பிடவே இல்லை.

"அண்ணே, அதைக் கொஞ்சம் இறக்குங்க."

"எதை?"

"உங்க தலைக்கனத்தை."

"கேக்கல லா!"

நீங்கள் வேலை செய்கிற செம்பனை எண்ணெய் ஆலை இரைச்சலில் காது போய்விட்டது போல, பாவம் என்று நினைத்தேன். பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டீர்களே! அண்ணி அதை எதில் ஊற்றினாரோ.

பிறகு என் மகள் கல்யாணம். என் பாட்டோடு கோயிலுக்குள் நடந்து வரவேண்டும் என்று அவளுக்கு ஆசை. உங்களிடம் வந்து நின்றேன். "அன்னிக்கு மட்டும் என் குரல் கேக்கணும்ணே. எனக்கு ஒரே பிள்ளை" என்றேன். நீங்கள் கம்பிக்குச் சுருதி கூட்டப் போய்விட்டீர்கள்.

அன்றைக்கு நீங்கள் வாசித்தது என் கண்ணில் அப்படியே இருக்கிறது. முதலில் போய் உங்கள் கித்தார் ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தைக் குறைத்து வைத்தீர்கள். நான் முதல் வரியை எடுத்தபோது பூஸ்ட் சுத்தமாக இறங்கியிருந்தது. கம்பியைத் தொட்டும் தொடாமலும் வாசித்தீர்கள். வரி முடிந்து நான் மூச்சு எடுத்தேன். உங்கள் சுண்டுவிரல் குமிழைப் பாதி திருகியது, அதற்கு மேல் இல்லை. நாலு சுரம் பளிச்சென்று மேலே வந்தது. நான் அடுத்த சொல்லுக்கு வாய் திறக்குமுன் குமிழ் இறங்கிவிட்டது. பாட்டு முழுக்க இப்படித்தான். அந்தக் கோயிலில் என் குரலை நானே அன்றைக்குத்தான் கேட்டேன். என் மகள் பாதி வழியில் நின்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

பிரியாணித் தட்டோடு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"இதெல்லாம் எப்பண்ணே கத்துக்கிட்டீங்க?"

"எப்பவோ தெரியும்."

"அப்ப காது?"

"காதுக்கு என்னா? நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏண்ணே?"

"நீ திட்டலன்னா எனக்கு ஞாயித்துக்கிழமை மாதிரியே இருக்காது பிள்ளே."

நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கோவிச்சுக்காதே, திருவிழாவுக்கு இதே மாதிரி வாசிக்கிறேன், சத்தியம்" என்றீர்கள்.

திருவிழாவுக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஆலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை.

எல்லாரும் உங்களைத் தங்கமான மனுஷன் என்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். தெரியாமல் செய்திருந்தால் மன்னிக்கலாம். தெரிந்தே, விளையாட்டுக்கு, என் தொண்டை நன்றாக இருந்த வருஷம் எல்லாவற்றையும் மூடி வைத்தீர்கள். இப்போது மேலே போனால் கரகரக்கிறது. இனிமேல் யார் இறக்கி வாசித்து என்ன ஆகப்போகிறது? ஒரே ஒரு பாட்டுக் கொடுத்தீர்கள். அதுவும் இல்லாமல் இருந்திருந்தால், என்னிடம் என்ன இருந்தது என்று தெரியாமலே நானும் போய்ச் சேர்ந்திருப்பேன்.

அண்ணி உங்கள் கித்தாரைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டார். இப்போது ஜோசப் வாசிக்கிறார். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், விரலெல்லாம் நல்ல விரல்தான். ஆனால் பூஸ்ட்டை ஏற்றினால் இறக்குகிற வழக்கமில்லை.

"இறக்குனா கித்தார் கேக்காதேக்கா."

"நான் பாடுறப்போ அது எதுக்குக் கேக்கணும்? நான் மூச்சு வாங்குற இடத்துல தூக்குங்க தம்பி. பாதி போதும். எந்நேரமும் தூக்கியே வச்சிருந்தா, தூக்குனதே யாருக்கும் தெரியாது."

நானா இப்படிப் பேசுகிறேன்? எல்லாம் உங்கள் சுண்டுவிரலைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். இன்னொன்றும் என்னிடம் தங்கிவிட்டது. ஒவ்வொரு வரி முடிவிலும் தேவைக்கு மேல் கொஞ்சம் நிறுத்துகிறேன். தாளம் தப்புது என்கிறார்கள். அந்த நாலு சுரத்துக்காக நிற்கிறேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? கோபத்தோடுதான் நிற்கிறேன், அண்ணே. ஆனாலும் நிற்கிறேன்.

போன ஞாயிறு காணிக்கைப் பாட்டில், நான் இரண்டாவது வரியில் இருக்கும்போதே ஜோசப் பூஸ்ட்டை முழுதாக ஏற்றிவிட்டார். கையை நீட்டி நானே இறக்கப் போனேன். குமிழ் கழன்று என் கையோடு வந்துவிட்டது. அதே நேரம் காணிக்கைப் பை வந்தது. ஒரு கையில் ஐந்து ரிங்கிட் நோட்டு, ஒரு கையில் குமிழ். போட்டேன். பை அடுத்த வரிசைக்குப் போன பிறகு பார்த்தால், ஐந்து ரிங்கிட் என்னிடமே இருந்தது. குமிழ் இல்லாமல் இறக்க முடியாததால் மீதிப் பூசை முழுக்க பூஸ்ட் ஏறியே இருந்தது. திங்கட்கிழமை ஃபாதர், கோயில் ஆபீசில் வந்து என் காணிக்கையைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பினார்.